பதினைந்தா, ஐம்பதா?

ஆங்கிலம் காதில் விழுகிறது, ஆனால் பிடிபடவில்லை என்று இந்த மாதம் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சென்னையில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்புகளை எடுக்கும் வேலையில் 2004-இல் சேர்ந்தேன். பிறகு அதே வேலைக்கு வருகிறவர்களைப் பழக்கும் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். இங்கே சொல்வதெல்லாம் அந்தப் பழக்கத்தில் கற்றவை.

கேள்வி: அன்புள்ள அக்கா, திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்களிடம் துணி வாங்கும் அமெரிக்க பையர் அனுப்பும் மின்னஞ்சல் முழுதாகப் புரிகிறது, பதிலும் நானே எழுதுகிறேன். அவரே போனில் பேசினால் பாதிதான் புரிகிறது. போன மாதம் சாம்பிள் 'ஃபிஃப்டீன் பீசஸ்' என்று சொன்னதை ஐம்பது என்று எடுத்துக்கொண்டு தைக்கக் கொடுத்துவிட்டேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் இல்லை. நிறையச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டுமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம் தங்கையே. மின்னஞ்சலில் நீங்கள் படிக்கிற அதே சொற்களைத்தான் அவர் போனிலும் சொல்கிறார். கண்ணுக்குப் பழகிய சொல் காதுக்கு வேறு உருவத்தில் வந்து சேர்கிறது, அவ்வளவுதான்.

பள்ளியில் தமிழாசிரியர் புணர்ச்சி நடத்தியது நினைவிருக்கும். தோன்றல், திரிதல், கெடுதல். வாழையும் பழமும் சேர்ந்தால் நடுவில் 'ப்' தோன்றுகிறது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். மரமும் வேரும் சேர்ந்தால் 'ம்' கெட்டு மரவேர். நாம் இதை எழுத்திலும் காட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இதெல்லாம் வாயில் நடக்கிறது, எழுத்தில் மட்டும் சொற்கள் தனித்தனியாக நிற்கின்றன. 'டிட் யூ' என்பது 'டிஜூ' என்று திரியும். 'நெக்ஸ்ட் டே' என்பதில் நடு 'ட்' கெட்டு 'நெக்ஸ்டே' ஆகும். 'லா அண்ட் ஆர்டர்' என்று லண்டன்காரர்கள் பலர் சொல்லும்போது, எழுத்தில் இல்லாத ஒரு 'ர்' முதல் சொல்லுக்குப் பின்னால் தோன்றும். இதை அறிந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அவர்கள் அவசரத்தில் சொற்களை மென்று விழுங்குகிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதற்கும் விதி இருக்கிறது. விதி இருந்தால் பழகிக்கொள்ளலாம்.

அடுத்தது மாத்திரை. தமிழில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று ஒவ்வோர் எழுத்தும் தன் நேரத்தைப் பெற்றுக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசைக்குத்தான் முழு நேரம். இடையில் வரும் 'டு', 'ஆஃப்', 'ஹாவ்', 'கேன்' எல்லாம் நம் குற்றியலுகரம் போலக் குறுகிவிடும். 'ஐ வுட் ஹாவ் கால்டு யூ' என்று ஐந்து சொல்லை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்போம். வருவது 'ஐடவ் கால்ட்யூ'.

உங்கள் தொழிலில் இந்தக் குறுக்கம் பணத்தில் போய் முடியும். 'வீ கேன் அக்செப்ட் இட்' என்று ஓர் அமெரிக்கர் சொன்னால், அந்த 'கேன்' தேய்ந்து 'க்ன்' என்று மட்டும் கேட்கும். 'முடியாது' என்று சொல்லும் 'கேன்ட்'டில் கடைசி 'ட்' தொண்டையிலேயே நின்றுவிடும். ஆனால் முன்னால் உள்ள உயிர் முழுதாக ஒலிக்கும். ஆகவே 'கேன்' என்று அழுத்தமாக, தெளிவாகக் காதில் விழுந்தால் அவர் பெரும்பாலும் மறுக்கிறார். மங்கலாக விழுந்தால் சம்மதிக்கிறார். வகுப்பில் நாம் படித்ததற்கு இது நேர் எதிர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

இனி உங்கள் பதினைந்துக்கு வருகிறேன். 'ஃபிஃப்டீன்' என்றால் அழுத்தம் பின்பாதியில், 'ஃபிஃப்டி' என்றால் முன்பாதியில் என்று பாடம் சொல்லும். தனியாகச் சொல்லும்போது அது சரி. பின்னால் 'பீசஸ்' வந்தால் 'ஃபிஃப்டீ'னிலும் அழுத்தம் முன்பாதிக்குத் தாவிவிடும். அந்த 'ன்'னும் அடுத்து வரும் 'பீ'யோடு ஒட்டி 'ம்' போலத் திரியும். நீங்கள் நம்பியிருக்கக்கூடிய இரண்டு அடையாளங்களும் அந்த ஓர் இடத்தில் நழுவியிருக்கின்றன. தூக்கம் கெட வேண்டிய குற்றம் இல்லை இது. எண் வரும்போது மட்டும் காதை நம்பாமல், 'ஒன் ஃபைவ், ஆர் ஃபைவ் ஸீரோ?' என்று கேட்டுவிடுங்கள். நீண்ட நாள் இந்தத் தொழிலில் இருக்கிறவர்களும் கேட்கிறார்கள்.

ஆடை மாதிரியைக் குறிக்கும் ஸ்டைல் நம்பரில் எழுத்துகள் வந்தாலும் அப்படியே. பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டும் கடத்தும். 'ஸ்', 'ஃப்' இரண்டின் சீறலும் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. 'எஸ்'ஸும் 'எஃப்'பும் வேறுபடுவது அந்தச் சீறலில் மட்டுந்தான் என்பதால், போனில் இரண்டும் ஒன்றாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு முதியவரின் பெயரை நான் 'எஸ்'ஸில் பதிவுசெய்து, அவருடைய புகார் யாருக்கும் கிடைக்காமல் பதினொரு நாள் கிடந்தது. அவர் மறுபடி அழைத்தபோது அந்த அழைப்பும் என்னிடமே வந்தது. அன்றிலிருந்து 'எஸ்'ஸுக்கு 'சியரா', 'எஃப்'புக்கு 'ஃபாக்ஸ்ட்ராட்' என்று சொல் சொல்லி உறுதிசெய்யாமல் ஓர் எழுத்தைக்கூட எழுதியதில்லை.

பயிற்சிக்கு ஒரே ஒரு நிமிட உரையாடல் போதும். எழுத்து வடிவம் கூடவே கிடைக்கிற ஒலிப்பதிவாக இருக்க வேண்டும். பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்' அப்படிப்பட்டது. இருவர் பேசிக்கொள்வார்கள், முழு உரையும் அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கும். உங்கள் பையரின் பேச்சோசை வேண்டுமென்றால் எழுத்து வடிவத்தோடு வரும் அமெரிக்கப் பேட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தைத் திறக்காமல் ஒரு நிமிடத்தை மூன்று முறை கேளுங்கள். காதில் விழுந்த ஒலியை அப்படியே தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதினால் கை பழைய சொல்லை எழுதிவிடும். தமிழில் எழுதினால் காது கேட்டது மட்டும் தாளில் இறங்கும். பிறகு எழுத்து வடிவத்தைத் திறந்து, எங்கே தோன்றியது, எங்கே திரிந்தது, எங்கே கெட்டது என்று சிவப்பு மையால் குறியுங்கள். கடைசியாக எழுத்தை மூடிவிட்டு இன்னொரு முறை கேளுங்கள். இருபது நிமிட வேலை. காலையில் பஸ்ஸில் வரும்போது முந்தைய நாள் நிமிடத்தையே மறுபடி கேட்டுக்கொண்டு வாருங்கள். புதிதாக ஒன்றைத் தேடி ஓட வேண்டாம்.

ஒவ்வோர் அழைப்பு முடிந்ததும், நீங்கள் புரிந்துகொண்டதை நான்கு வரியில் மின்னஞ்சலாக பையருக்கு அனுப்பிவிடுங்கள். எழுத்து உங்கள் பலம். அதைக் காதுக்குத் துணையாக வையுங்கள்.

கேள்வி: விருதுநகர் பக்கத்துக் கிராமம். மெக்கானிக்கல் முடித்து ஒரு வருடம் ஆகிறது. மூன்று நிறுவனங்களில் வீடியோ நேர்காணல் வரை போனேன். கேள்வியே புரியாமல் திகைத்து நின்றுவிடுகிறேன். தினமும் பிபிசி செய்தி கேட்கிறேன், பலன் இல்லை. மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டால் ஆங்கிலம் தெரியாதவன் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம்.
– வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: தம்பி, உங்களை நேர்காணல் செய்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? புனே, டெல்லி, பெங்களூரு என்றுதான் இருக்கும். லண்டன் செய்தி வாசிப்பாளரின் குரலுக்குக் காதைப் பழக்கிவிட்டு, மராத்தியும் இந்தியும் கலந்த பேச்சோசைக்கு முன் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். யாரிடம் பேசப் போகிறோமோ அவர்களுடைய ஆங்கிலத்தைக் கேளுங்கள். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம். கரக்பூர், மும்பை, கான்பூர் பேராசிரியர்கள் அவரவர் ஊர் ஓசையில் பேசுகிறார்கள், பல பாடங்களுக்கு எழுத்து வடிவமும் இருக்கிறது. நீங்கள் படித்து முடித்த வெப்ப இயக்கவியலையே எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் தெரிந்திருப்பதால் மனம் சொல்லைத் தேடாமல் ஓசையைக் கவனிக்கும்.

நேர்காணலில் திரும்பத் திரும்ப வரும் சில தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் வழி தவறிவிடும். 'வாக் மீ த்ரூ யுவர் புராஜெக்ட்' என்றால் உங்கள் புராஜெக்டைப் படிப்படியாக விளக்குங்கள் என்று பொருள். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையன் அந்த 'வாக்'கிலேயே சிக்கிக்கொண்டு, அதற்குப் பிறகு வந்த எதையும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட தொடர்களை நோட்டில் முழுத் தொடராகவே எழுதிச் சேருங்கள். பிரித்து எழுதாதீர்கள்.

மறுபடி கேட்பது பற்றி. வெறுமனே 'வாட்?' என்றோ 'ரிப்பீட்' என்றோ சொன்னால் அவர் அதே வேகத்தில் அதையே திரும்பச் சொல்வார், நீங்களும் அதே இடத்தில் தவறவிடுவீர்கள். புரிந்த துண்டைத் திருப்பிக் கொடுங்கள். 'ஆர் யூ ஆஸ்கிங் அபௌட் மை புராஜெக்ட், ஆர் த இன்டர்ன்ஷிப்?' என்று கேட்டால், நீங்கள் கவனித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிகிறது. அவரும் இந்த முறை வேறு சொற்களில், கொஞ்சம் நிதானமாகச் சொல்வார். நேர்காணல் அறையில் எதிர்ப்பக்கம் நானும் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். தெளிவுபடுத்திக் கேட்டதற்காக ஒருவரையும் நான் கழித்ததில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னவர்களைக் கழிக்க வேண்டியிருந்தது. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

நண்பன் ஒருவனோடு பழகுங்கள். ஒருவர் திண்ணையில், ஒருவர் உள்ளறையில். போனில் மட்டும் பேச வேண்டும், முகம் பார்க்கக் கூடாது, மின்விசிறி ஓடட்டும். அவன் கேள்வியைக் கேட்டதும் உடனே பதில் சொல்லாதீர்கள். அவன் கேட்டது என்ன என்பதை முதலில் தமிழில் சொல்லுங்கள். அவன் சரி என்ற பிறகுதான் பதில். ஒரு வாரத்திலேயே எந்த வகைக் கேள்வியில் தடுக்குகிறீர்கள் என்று தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்து பலருக்கும் 'வாட் வுட் யூ டூ இஃப்' என்று தொடங்குகிற கேள்விதான் தடுக்கும். முதல் மூன்று சொல்லும் ஒட்டிக்கொண்டு 'வாட்வுஜூ' என்று வரும்.

கேள்வி: ஆங்கிலப் படங்களைத் தமிழ் எழுத்தோட்டத்துடன் பார்த்தால் காது பழகுமா?
– வாசகர், சேலம்

பதில்: பழகாது. கண் தமிழைப் படித்துக்கொண்டே இருக்கும், காது ஓய்வெடுக்கும். ஆங்கில எழுத்தோட்டத்துடன் ஒரு காட்சியைப் பாருங்கள், பிறகு அதே காட்சியை எழுத்தில்லாமல் பாருங்கள். முழுப் படம் வேண்டாம்.

கேள்வி: அம்மா, நாகர்கோவிலில் தனியார் மருத்துவமனையில் ஆறு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். இங்கிலாந்து வேலைக்காக ஓ.இ.டி. என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு எழுதினேன். வாசித்தலில் நல்ல மதிப்பெண், கேட்டலில் போய்விட்டது. மருத்துவச் சொற்கள் எல்லாம் எனக்குத் தெரியும். எங்கே தவறுகிறது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: மருத்துவச் சொற்கள் தெரிந்ததுதான் உங்களுக்குக் குறுக்கே நிற்கிறது என்று நினைக்கிறேன். அந்தத் தேர்வின் கேட்டல் பகுதியில் 42 கேள்விகள், ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். முதல் பிரிவில் நோயாளி தன் உபாதையைத் தன் வாயால் சொல்கிறார், நீங்கள் குறிப்பில் விட்ட இடங்களை நிரப்ப வேண்டும். நம் ஊர் நோயாளி உங்களிடம் வந்து குமட்டல் என்றா சொல்கிறார்? வயிற்றைப் புரட்டுகிறது என்கிறார். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, கால் மரத்துப்போகிறது என்கிறார். அங்கேயும் அப்படித்தான். வாந்தி எடுத்தால் 'த்ரூ அப்', மயங்கி விழுந்தால் 'பாஸ்டு அவுட்', கை கால் மரத்து ஊசி குத்துவது போலிருந்தால் 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்'. இவை உங்கள் பாடநூலில் இருந்திருக்காது. நாள்தோறும் வார்டில் நீங்கள் தமிழில் கேட்கும் ஒவ்வோர் உபாதைக்கும் சாதாரண ஆங்கிலப் பேச்சில் என்ன சொல்வார்கள் என்று தேடி எழுதிவையுங்கள். ஆறு ஆண்டு வார்டு அனுபவம் உங்களுக்கு இருக்கிறது, அது பெரிய சொத்து.

இரண்டாம் பிரிவில் பணி மாறும்போது செவிலியர்கள் பேசிக்கொள்வது போன்ற ஆறு சிறு துண்டுகள், மூன்றாம் பிரிவில் பேட்டி அல்லது உரை. ஓர் இடம் தவறிவிட்டால் அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த வரிக்குக் கண்ணைக் கொண்டுபோங்கள். தவறிய ஒரு சொல்லை நினைத்துக்கொண்டே அடுத்த மூன்றை இழந்தவர்கள் ஏராளம். இதை வீட்டிலேயே, ஒலிப்பதிவை நடுவில் நிறுத்தாமல் பழக வேண்டும்.

கேள்வி: வயது 67. ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். மகன் குடும்பம் டொரான்டோவில் இருக்கிறது. ஆறு வயதுப் பேத்தி ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுகிறாள். ஆங்கிலத்தில் பத்திரிகை படிப்பேன், ஆனால் அவள் பேச்சு ஒரு சொல்லும் பிடிபடுவதில்லை. தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். அவளும் இப்போதெல்லாம் சீக்கிரம் எழுந்து போய்விடுகிறாள்.
– வாசகர், மன்னார்குடி

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் காது மருத்துவரிடம் ஒரு முறை போய்வாருங்கள். வயது ஏறும்போது உயர்ந்த சுருதியுள்ள ஒலிகள்தான் முதலில் காதில் குறையும். குழந்தையின் குரலே மெல்லியது. அந்த ஊரில் சொற்கள் தேய்வதும் அதிகம். தங்கள் ஊரின் பெயரையே பலர் 'ட்ரானோ' என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே எல்லாப் பழியையும் உங்கள் ஆங்கிலத்தின் மேல் போடாதீர்கள். இணைப்புள்ள இயர்போன் ஒன்றைப் போட்டுக்கொண்டாலே பாதி தெளிவாகும்.

பிறகு மகனிடம் சொல்லி, அவள் விரும்பிப் படிக்கிற படக்கதைப் புத்தகத்தில் ஒரு பிரதியை உங்களுக்கும் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் அங்கே வாசிக்கட்டும், நீங்கள் இங்கே அதே வரியில் விரலை வைத்துக்கொண்டு கேளுங்கள். என்ன வரப்போகிறது என்று கண்ணுக்குத் தெரியும்போது, அவள் வாயில் அது எப்படித் தேய்கிறது என்று காது தானாகக் கற்றுக்கொள்ளும். படத்தைக் காட்டி, இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று நீங்களும் ஒன்றிரண்டு சொல்லிக்கொடுக்கலாம். நான்கைந்து வாரம் அதே புத்தகம் போதும், குழந்தைகளுக்கு ஒரே கதை அலுக்காது.

படக்கதைகளில் பல சமயம் பக்க எண் இருக்காது. புத்தகம் வந்ததும் முதல் வேலையாகப் பென்சிலால் எண் போட்டுவிடுங்கள், அங்கேயும் போடச் சொல்லுங்கள். 'பேஜ் நைன், தாத்தா' என்று அவள் சொன்னதும் நீங்கள் திருப்ப வேண்டுமே.