22 அங்குலம் வேண்டாம், நல்ல கிளாம்ப் வேண்டும்

கேள்வி: என்னிடம் 16 அங்குல ஸ்க்ரோல் ஸா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தில் வளைவுகளை வெட்டும் மெஷின்) இருக்கிறது. அதில் பின் (pin) வைத்த பிளேடு, அதாவது இரு முனைகளிலும் சின்னக் குறுக்குக் கம்பி உள்ள பிளேடு, மட்டுமே பொருந்தும். ஓட்டும்போது மேசை முழுவதும் அதிர்கிறது. வெட்டு எப்போதும் ஒரே பக்கமாகக் கோட்டை விட்டு விலகுகிறது. பிளேடும் அடிக்கடி உடைகிறது. பெயர்ப் பலகைகளும், நுணுக்கமான உள்வெட்டுகள் கொண்ட சுவர் அலங்காரங்களும் செய்ய ஆசை. 22 அங்குல மெஷின், கூடுதல் வாட் மோட்டார் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: மெஷினை மாற்றுங்கள். ஆனால் அந்த விற்பனையாளர் சொல்லும் காரணத்துக்காக மாற்ற வேண்டாம். மெஷினை மாற்றினால் மட்டுமே தீரக்கூடிய குறை உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதை நீங்கள் குறையாகவே எழுதவில்லை, போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள்: பின் வைத்த பிளேடு. மற்ற மூன்றில் பெரும்பகுதி, எவ்வளவு விலை உயர்ந்த மெஷின் வாங்கினாலும் உங்களோடு கூடவே வரும்.

கோடு விலகுவதை முதலில் பார்ப்போம். ஒரு பிளேடை எடுத்து அதன் இரண்டு பக்கங்களிலும் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாக இருக்கும். இன்னொரு பக்கம் நகத்தைச் சுரண்டும். தொழிற்சாலையில் பற்களை வெட்டும்போது ஒரு விளிம்பில் பிசிறு நின்றுவிடுவதுதான் காரணம். பிசிறு உள்ள பக்கம் கூடுதலாக மரத்தைத் தின்னும். அதனால் பலகையை நேராகத் தள்ளினால் வெட்டு அந்தப் பக்கமே போகும். பலகையைச் சில டிகிரி திருப்பி, சாய்வாகத் தள்ளப் பழகுவது ஒன்றே வழி. ஒரு துண்டுப் பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டு வெட்டிப் பாருங்கள். எந்தச் சாய்வில் பிளேடு கோட்டிலேயே நிற்கிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும். இதை மெஷினின் கோளாறு என்று சொல்லிப் புது மெஷின் விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

பிளேடு உடைவதும் பெரும்பாலும் கையின் விஷயம்தான். இழுப்பு, அதாவது பிளேடை இழுத்துப் பிடிக்கும் இறுக்கம், தளர்ந்திருந்தால் பிளேடு வளைந்து உடையும். அளவுக்கு மீறி இருந்தாலும் உடையும். மெஷினை நிறுத்தி, பிளேடின் நடுவில் விரலால் பக்கவாட்டில் அழுத்துங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் இழுப்பு போதாது. தட்டிப் பார்த்தால் தம்பூரா நரம்புபோல் தெளிவாக ஒலிக்க வேண்டும். மழுங்கிய சத்தம் கூடாது. அதைவிட முக்கியம், மழுங்கிய பிளேடைக் கழற்றி எறியும் துணிச்சல். கடினமான மரத்தில் ஒரு பிளேடு கால் மணி நேரம், அரை மணி நேரம் உழைத்தாலே அதன் ஆயுள் முடிந்தது. பிறகும் அதை வைத்துக்கொண்டு பலகையைத் தள்ளுகிறோம். மரம் கருகுகிறது, பிளேடு நடுவில் தொப்பை போட்டு உடைகிறது. பலகையில் ஒட்டிய கோட்டுப் படத்தின் மேல் பொதி கட்டும் ஒளிபுகும் டேப்பை ஒட்டிவிட்டு வெட்டினால் கருகுவது வெகுவாகக் குறையும்.

அதிர்வுக்கு வருவோம். உங்கள் மெஷின் மேசையோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதிர்வு என்று எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அதைச் சொல்வதில்லை. கேட்டால், சும்மா தூக்கி வைத்திருக்கிறேன் என்பார்கள். கனமான மேசை, நான்கு போல்ட், தரை சமமில்லை என்றால் மூன்று கால் ஸ்டாண்டு. இவற்றைச் செய்துவிட்டு, மிச்சம் எவ்வளவு அதிர்வு இருக்கிறது என்று பாருங்கள். அந்த மிச்சம்தான் மெஷினுடையது.

அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சில மெஷின்களில் மேலும் கீழும் உள்ள நீண்ட கைகள் இரண்டும் ஏறி இறங்கும். அவ்வளவு எடையும் நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் திசை மாறுகிறது. வேறு சிலவற்றில் கைகள் அசைவதே இல்லை. உள்ளே இருக்கும் தண்டுகள் முன்னும் பின்னும் நகர்ந்து, முனையிலுள்ள சின்னப் பகுதியை மட்டும் ஆட்டுகின்றன. டிவால்ட் டிடபிள்யூ 788, எக்ஸ்காலிபர் 21 ஆகியவை இந்த இரண்டாம் வகை. அதிர்வு குறைவாக இருக்கும். நீண்ட கைகளை ஆட்டியும் சாதுவாக ஓடும் ஹெக்னர் போன்ற மெஷின்களும் உண்டு. அவற்றை அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள். மலிவு மெஷின்களிடம் அந்த நேர்த்தியை எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது 22 அங்குலம். இது பிளேடுக்கும் பின்னாலிருக்கும் தூணுக்கும் இடையிலுள்ள தூரம், வேறொன்றுமில்லை. 16 அங்குல மெஷினில் ஏறக்குறைய 32 அங்குல அகலப் பலகையின் நடுப்பகுதிவரை, பலகையைத் திருப்பித் திருப்பி, எட்டிவிடலாம். நீங்கள் செய்யப்போவது பெயர்ப் பலகையும் சுவர் அலங்காரமும். அந்தக் கூடுதல் 6 அங்குலம் உங்களுக்கு எதற்கு? மலிவு வகையில் கை நீளமானால் ஆடும் எடையும் கூடுகிறது. நீங்கள் எதிலிருந்து தப்பிக்க மெஷின் மாற்றுகிறீர்களோ அதையே காசு கொடுத்துக் கூடுதலாக வாங்குகிறீர்கள். அங்குலத்தைச் சொல்லி விற்பது எளிது. அதனால்தான் அட்டைப் பெட்டியில் அது பெரிய எழுத்தில் இருக்கிறது. பிளேடின் முனையைப் பிடிக்கும் கிளாம்ப் எந்த உலோகம், பேரிங் எத்தனை என்பது எங்கேயும் இருப்பதில்லை. அதிர்வை அளந்து பெட்டியில் அச்சிட்டாக வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் பாதி மெஷின்கள் விற்காது. அப்படி ஒரு விதி வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

வாட் கணக்கும் இதே ரகம். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த பிளேடைத்தான் மோட்டார் இழுக்கிறது. பல ஆண்டுகளாகப் பலரும் மெச்சும் அந்த டிவால்ட் 788 எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 1.3 ஆம்பியர்தான். பளிச்சென்ற விளக்கு, தூசு ஊதும் குழாய், உபரியாக ஒரு வளையும் தண்டு, ஒரு பெட்டி பிளேடு என்று சேர்த்துக் கட்டித் தருவார்கள். ஒரே தொழிற்சாலையில் செய்த ஒரே மெஷின் நான்கு நிறத்தில், நான்கு பெயரில், நான்கு விலையில் வருவதும் இந்தச் சந்தையில் சர்வ சாதாரணம். படங்களை அருகருகே வைத்து, திருகுகள் இருக்கும் இடத்தையும் மெஷின் மேசையின் வார்ப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாக இருந்தால் நிறத்துக்கு விலை கொடுக்காதீர்கள். வாங்கும் இணைப்பைக் கீழே கொடுத்துவிட்டு மேலே மெஷினைப் புகழ்கிறவர் உங்களுக்கு ஆலோசனை சொல்லவில்லை, தரகு பார்க்கிறார்.

ஆகவே பணத்தை எங்கே போடுவது? பின் இல்லாத பிளேடை இறுக்கமாகப் பிடிக்கும் கிளாம்ப்பில். உள்வெட்டுக்கு முதலில் துளை போட்டு, அதற்குள் பிளேடை விட்டு வெட்ட வேண்டும். பின் வைத்த பிளேடு நுழைய ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் துளை வேண்டும்; பின் இல்லாத மெல்லிய பிளேடுக்கு 1.5 மில்லிமீட்டரே தாராளம். ஓர் எழுத்தின் சுழிக்குள் 5 மில்லிமீட்டர் துளை போட்டால் அங்கே சுழியே மிஞ்சாது. மேலும், பின் இல்லாத பிளேடுகள்தான் எல்லா எண்களிலும் கிடைக்கின்றன. எண் கூடக் கூடத் தடிமனும் கூடும். 18 மில்லிமீட்டர் பலகைக்கு 5ஆம் எண்ணில் தொடங்குங்கள், மெல்லிய பிளைவுட்டுக்கு 1 அல்லது 2. அடிப்பக்கம் பிசிறாமல் இருக்க, கீழ்முனையில் சில பற்கள் தலைகீழாக இருக்கும் ரகத்தைக் கேளுங்கள்.

பின் பிளேடு எல்லோருக்கும் ஆகாதா என்றால், இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அது ஏதோ குழந்தை விளையாட்டு என்பதுபோல் அனுபவசாலிகள் பேசிவிடுகிறார்கள். வெளி உருவத்தை மட்டும் வெட்டுகிறவர்கள், அதாவது பொம்மை மிருகங்கள், பெரிய எழுத்துகளின் வெளிக்கோடு, தடித்த வளைவுகள் என்று செய்கிறவர்கள், பின் பிளேடோடு காலம் முழுவதும் நிம்மதியாக இருக்கலாம். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கும், கை நடுங்குகிறவர்களுக்கும், பார்வை மங்கியவர்களுக்கும் அது வரம். கொக்கியில் மாட்டினால் முடிந்தது, சின்னத் திருகை இறுக்க வேண்டியதில்லை, பிளேடு நழுவாது. சிறுவர்களுக்குக் கற்றுத் தருகிற இடங்களிலும் அதுவே நல்லது. இரண்டு வகையையும் ஏற்கும் மெஷின்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் கூடவே வேலை செய்கிறார் என்றால் அதைத் தேடுங்கள். ஆனால் அந்த மெஷின்களில் பின் இல்லாத பிளேடுக்கென்று தனியாக ஒரு குட்டி இணைப்பைப் பையில் போட்டுத் தருவார்கள். அதைக் கடையிலேயே மாட்டச் சொல்லிப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஆலன் சாவி கொண்டு இறுக்க வேண்டியிருந்தால், பத்து உள்வெட்டுக்குள் சலித்துவிடும். உங்கள் வேலைக்கு, உள்வெட்டுதான் ஆசை என்று நீங்களே எழுதியிருப்பதால், இந்த விலக்கு எதுவும் பொருந்தாது.

கடையில் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். பிளேடை நீங்களே கழற்றி மாட்டுங்கள். விற்பனையாளர் மாட்டிக் காட்டுவது கணக்கில் வராது. எந்தக் கருவியும் இல்லாமல் விரலால் இறுக்கினாலே பிடிக்க வேண்டும். மேல்கை தூக்கி நிற்குமா, பலகையைப் பிடித்துக்கொண்டே ஒரு கையால் பிளேடைத் துளைக்குள் விட முடியுமா என்று பாருங்கள். நூறு துளை உள்ள வேலையில் இதுதான் உங்கள் பொறுமையைத் தீர்மானிக்கும். புதுப் பிளேடில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும்; முனைகளை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள், இல்லையென்றால் நல்ல கிளாம்ப்பிலும் நழுவும்.

பலகை வைக்கும் மெஷின் மேசை பிளேடுக்குச் செங்குத்தா என்று மேசையில் ஒட்டியிருக்கும் டிகிரி அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தடித்த ஒரு கட்டையில் லேசாக ஒரு வெட்டுப் போடுங்கள். மெஷினை நிறுத்தி, கட்டையை அரைவட்டம் திருப்பி, பிளேடின் பின்பக்கமாக அதே வெட்டுக்குள் நுழைக்கப் பாருங்கள். தடையில்லாமல் நுழைந்தால் செங்குத்து, முட்டினால் சாய்வு. மூலைமட்டத்தைவிட இது நம்பகமானது.

உதிரி பாகத்தைப் பற்றி வாங்கும் முன்பே கேளுங்கள்: கீழ் கிளாம்ப்பும் அதன் திருகும் தனியாகக் கிடைக்குமா? முதலில் தேய்வது அவைதான். உத்தரவாத அட்டையோ, தேய்மானப் பாகங்களுக்குப் பொருந்தாது என்று பொடி எழுத்தில் கைகழுவிவிடும். தேயாத பாகத்துக்கு உத்தரவாதம் தந்து என்ன பயன் என்று கேட்டால், விதி அப்படி என்பார்கள்.

வெளிநாட்டு மெஷினை மலிவாக வரவழைத்துத் தருகிறேன் என்று சொல்லும் இடைத்தரகரிடம் மின்னழுத்தத்தைக் கேளுங்கள். 120 வோல்ட் மெஷினுக்கு 230 வோல்ட் கொடுத்தால் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை எரிந்துவிடும். மின்மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்பார். அது வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரத்தின் அதிர்வெண்ணை, மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கான இண்டக்‌ஷன் மோட்டார் நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகவும் சூடாகவும் ஓடும். உத்தரவாதமும் எல்லை தாண்டி வருவது அரிது.

உங்கள் பட்ஜெட்டுக்குப் புதிய நல்ல மெஷின் எட்டவில்லை என்றால், புதிய மட்டமானதைவிடப் பழைய நல்லதே மேல். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மேல்கையின் நுனியைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். தடதடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது. குறைந்த வேகத்திலிருந்து அதிக வேகம்வரை மெதுவாக ஏற்றுங்கள். இடையில் ஏதோ ஒரு வேகத்தில் மட்டும் திக்கினால் வேகக் கட்டுப்பாட்டில் கோளாறு. கிளாம்ப் திருகின் மரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஓட்டிக் காட்டத் தயங்கினால் பேரம் பேசவே உட்காராதீர்கள். உங்கள் பழைய 16 அங்குல மெஷினை உடனே விற்றுவிட வேண்டாம். போல்ட் போட்டு இறுக்கி ஓரமாக வைத்தால் வெளிக்கோட்டு வெட்டுகளுக்கு இன்னும் நெடுங்காலம் உழைக்கும்.