ஃப்ரீமேசன் ஹாலுக்குள்ள என்னதான் இருக்கு? கேட்டதுக்கெல்லாம் பதில்

நான் ஃப்ரீமேசன் லாட்ஜ்ல மெம்பராகி இருபது வருஷம் ஆச்சுங்க. நம்ம மதுரையில லாட்ஜுன்னு சொன்னா ஆட்டோக்காரர் டவுன்ஹால் ரோட்டுல ரூம் போடற எடத்துக்குத்தான் கூட்டிட்டு போவாரு. இங்க லாட்ஜ்னா ஒரு சங்கம். மனசுல இருக்கறத கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

திருமங்கலத்துலருந்து ஒரு தம்பி: அண்ணே, மேசன்னா கொத்தனார்தானே? ஆனா உள்ள எல்லாரும் டாக்டர், வக்கீல்னு சொல்றாங்களே?

கொத்தனாரேதான் தம்பி. ஐரோப்பாவுல கல்வேலை செஞ்சவங்களோட சங்க வழக்கத்தையும் கருவிகளையும் எடுத்துக்கிட்டு, வேற தொழில்காரங்களும் சேந்து வளந்த அமைப்பு இது, 1717 ஜூன் 24 லண்டன்ல நாலு லாட்ஜ் ஒண்ணு கூடி கிராண்ட் லாட்ஜ், அதாவது லாட்ஜுகளுக்கு மேல ஒரு தலைமைச் சங்கம் ஆனாங்க. இன்னைக்கும் லாட்ஜ் தலைவரான மாஸ்டர் கழுத்துல தொங்கறது மூலைமட்டம், அவருக்கு அடுத்த பொறுப்புல இருக்கற ரெண்டு வார்டன்கள்ல சீனியர் வார்டனுக்கு மட்டம் (இப்ப ரசமட்டம் வச்சு பாக்கறோம்ல, அதோட பழைய வடிவம்), ஜூனியர் வார்டனுக்கு தூக்குக்குண்டு. நடத்தை நேரா இருக்கணும், எல்லாரும் சமம், நிமிந்து நிக்கணும், அவ்வளவுதான் அர்த்தம். போன மாசம் எங்க வீட்டு சுவர் பாக்க வந்த கொத்தனார் தூக்குக்குண்ட தொங்கவிட்டுட்டு, நூல் ஆட்டம் நிக்கற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அத பாத்தப்ப எனக்கு லாட்ஜ்ல உக்காந்திருக்கற மாதிரியே இருந்துச்சு.

செல்லூர் அக்கா: ஒரு பழைய மேசன் கட்டடத்து அடிக்கல்லுல 5925னு வருஷம் பாத்தேன், தப்பா வெட்டிட்டாங்களா?

தப்பில்லக்கா! இந்த மாதிரி கல்லு கண்ணுல பட்டா போட்டோ எடுத்து வச்சிருங்க, ஹாலோட வரலாறே அங்கருந்துதான் ஆரம்பிக்குது. மேசன்கள் வருஷத்தோட நாலாயிரத்த கூட்டி எழுதுவாங்க, முன்னாடி ஏ.எல்.னு ரெண்டு எழுத்து இருக்கும், அன்னோ லூசிஸ், ஒளி பிறந்த ஆண்டுன்னு அர்த்தம். கழிச்சா 1925. இன்னொண்ணு, அவங்க வழக்கப்படி அடிக்கல் வடகிழக்கு மூலையில, அதாவது நம்ம ஈசானிய மூலையில. கல்லு மேல தானியம், வைன், எண்ணெய் விடுவாங்க, நாம நவதானியம் போட்டு பால் ஊத்தறோம். ரெண்டும் எங்கயாச்சும் ஒட்டுதான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு யோசனை உண்டு.

மேலூர் மாமா ஒருத்தர்: கதவ சாத்திட்டு வாளோட ஒருத்தர் நிப்பாராமே, எங்க ஆத்தா தலைய வெட்டிருவாங்கன்னு பயமுறுத்தும்.

வாள் உண்மைதான் மாமா. டைலர்னு ஒரு பொறுப்பு, மெம்பர் இல்லாதவங்க உள்ள வராம வாசல்ல காவல், வெட்டு குத்தெல்லாம் கிடையாது. வடக்க இந்த ஹால்கள ஜாதூகர், மாய வீடுன்னே சொல்லிருக்காங்க. உள்ள போனா கருப்பு வெள்ள கட்டம் போட்ட தரை, ரெண்டு தூண், கிழக்க மாஸ்டர் நாற்காலி. ஒரு கல்லு கரடுமுரடா, இன்னொண்ணு செதுக்கி வழுவழுன்னு. சேரும்போது நாம அந்த மொதக் கல்லு. இடுப்புல கட்டறது வெள்ள ஆட்டுத்தோல் ஏப்ரன். எங்க பெரியப்பாவோடது ட்ரங்கு பெட்டியில இருக்கு, மடிப்பு மஞ்சளாயிருச்சு, ஆனா தோல் இன்னும் மெத்துனு இருக்கு.

வாடிப்பட்டி தம்பி: வெள்ளக்காரன் கிளப்தானேண்ணே, நம்மாளுங்க எப்ப சேந்தாங்க?

ஆரம்பம் வெள்ளக்காரங்கதான், கல்கத்தாவுல 1730. ஆனா 1770கள்லயே நம்ம பக்கத்து திருச்சியில ஆற்காடு நவாப் மகன் உம்தத் உல் உமரா சேந்துட்டாரு, இங்கிலாந்துலருந்து ஏப்ரன் அனுப்பி கௌரவிச்சாங்க. இந்துக்கள சேக்க ரொம்ப வருஷம் இழுத்தாங்க, அது எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான். பிரசன்ன குமார் தத் பல வருஷம் போராடி 1872ல கல்கத்தாவுல ஆங்க்கர் அண்ட் ஹோப்ங்கற லாட்ஜுக்குள்ள போனாரு. அதே லாட்ஜ்லதான் 1884ல நரேந்திரநாத் சேந்தாரு, 1897ல மதுரைக்கு வந்த விவேகானந்தர்தான் அவரு. 1961 நவம்பர் 24ல இந்தியாவுக்குன்னு தனி கிராண்ட் லாட்ஜ் வந்துச்சு, மொத கிராண்ட் மாஸ்டர் ராம்பூர் நவாப்.

அனுப்பானடி தங்கச்சி: இது தனி மதமாண்ணா? பொண்ணுங்கள சேப்பாங்களா?

மதம் இல்லம்மா. கடவுள் ஒருத்தர் இருக்காருன்னு நம்பணும், அவரவர் வேதத்துல கை வச்சு உறுதிமொழி, நான் கீதையில எடுத்தேன், எனக்கு அப்பறம் வந்தவர் குரான்ல. உள்ள மதச் சண்ட, அரசியல் பேசக்கூடாது. பொண்ணுங்கள எங்க கிராண்ட் லாட்ஜ்ல சேக்கறதில்ல. அன்னிபெசன்ட் நடத்துன கோ-மேசன்ரியில ஆணும் பொண்ணும் உண்டு, ஆனா அத எங்க பக்கம் ஏத்துக்கல. எனக்கு இதுல உடன்பாடு இல்ல, லாட்ஜ்லயும் சொல்லிருக்கேன்.