கொட்டேஷனில் மூன்றரை வருடம், கணக்கில் ஆறு

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு 4,500 யூனிட், பில் சுமார் 50,000 ரூபாய். மொட்டை மாடியில் 20 கிலோவாட் சோலார் போட 10 லட்சம் ஆகும், மூன்றரை வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: விலை நியாயமானதுதான். மூன்றரை வருடம் என்பதுதான் இடிக்கிறது. வருகிற மின்சாரம் முழுவதையும் உங்கள் கடையே செலவழிக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது.

முதலில் உற்பத்தி. ஒரு கிலோவாட்டுக்கு வருடம் 1,500 யூனிட் என்பார்கள். நம் மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. 1,350 என்று வைத்துக்கொண்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது. ஆக 20 கிலோவாட்டுக்கு 27,000 யூனிட்.

இதில் நீங்கள் நேரடியாகப் பயன்படுத்துவது எவ்வளவு? ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. மற்ற நாட்களிலும் காலை ஒன்பதரைக்கு முன் வருவது மின்வாரிய லைனுக்குப் போய்விடும். பொழுது சாய்ந்தபின் எரியும் விளக்குக்கும் ஏசிக்கும் பேனல் உதவாது. உங்கள் செலவில் 60 சதவீதம் பகலில் என்று எடுத்தாலும், சோலாரில் கடைக்கு ஆவது 14,000 யூனிட்தான் தேறும். இதற்கு யூனிட்டுக்கு 10 ரூபாய் மிச்சம். பில் தொகையை யூனிட்டால் வகுத்து 11 என்று போடாதீர்கள், நிலைக்கட்டணம் குறையாது. மீதி 13,000 யூனிட்டை மின்வாரியம் 3 ரூபாய்க்கு எடுக்கிறது என்று வைப்போம். மொத்தம் 1,79,000. சுத்தம் செய்ய, காப்பீடு என்று 14,000 கழித்தால் 1,65,000. பத்து லட்சம் திரும்ப ஆறு வருடம். மின்வாரிய லைனைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணம் வந்தால் அதையும் கழியுங்கள். செக்‌ஷன் ஆபீசில் கேட்டுக்கொள்ளலாம்.

இதையே 10 கிலோவாட்டாகப் போட்டால்? செலவு ஐந்தரை லட்சம், வருகிற 13,500 யூனிட்டில் 10,500 கடைக்கே ஆகும். பராமரிப்பு போக வருடம் 1,06,000 நிற்கும்; ஐந்தே கால் வருடம். முதல் பாதிப் பணம் ஓரளவு வேகமாகத் திரும்புகிறது, அடுத்த நாலரை லட்சத்துக்கு ஏழரை வருடத்துக்கு மேல் ஆகிறது. அதை வங்கிக் கடனில் போடுவதென்றால் நான் வேண்டாம் என்பேன்.

வீடுகளுக்குக் கிடைக்கும் மத்திய அரசு மானியம் கடைக்கு இல்லை. ஆனால் வருமான வரியில் சோலாருக்கு 40 சதவீதத் தேய்மானம் காட்டலாம், அதாவது மதிப்பு குறைவதைச் செலவாகக் கழிக்கலாம். லாபத்துக்கு வரி கட்டுபவர் என்றால் காலம் நன்றாகவே குறையும், ஆடிட்டரிடம் கேளுங்கள்.

அப்புறம் பக்கத்து வீட்டில் தென்னை இருந்தால் அதையும் பாருங்கள். நான்கு மணிக்கு அதன் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் அந்த வரிசையே மந்தமாகும். கரண்ட் போனால், மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் சாதாரண கிரிட் இன்வெர்ட்டரும் நின்றுவிடும், ஜெனரேட்டர் டீசல் மிச்சமாகாது.

நான் போட்ட 60 சதவீதம் யூகம்தான். ஒரு வாரம் காலை ஒன்பதரைக்கும் மாலை ஐந்துக்கும் மீட்டரைப் பார்த்து எழுதி வையுங்கள். பிறகு அதே ஆளிடம் 10 கிலோவாட்டுக்கும் ஒரு கொட்டேஷன் கேளுங்கள்.