கிறிஸ் பாலின் விலை: 12 கோடி டாலரிலிருந்து 36 லட்சத்துக்கு

கேள்வி: 2021-இல், உறுதியாகக் கிடைக்கவிருந்த 4.42 கோடி டாலர் ஊதியத்தை விட்டுவிட்டு ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியுடனும் ஒப்பந்தம் செய்யக்கூடிய வீரர்) ஆன என்பிஏ கூடைப்பந்து வீரர் கிறிஸ் பால், 2025-இல் வெறும் 36 லட்சம் டாலருக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணியில் கையெழுத்திட்டார். முந்தைய பருவத்தில் 82 ஆட்டங்களிலும் தொடக்க ஐவரில் ஆடியவரின் மதிப்பு இப்படிச் சரியுமா? மூத்த வீரரின் ஒப்பந்தத்தை எப்படி எடைபோடுவது?

பதில்: செய்திகளில் வரும் மொத்தத் தொகையை நம்பாதீர்கள், அதில் உறுதியளிக்கப்பட்டது எவ்வளவு என்று பாருங்கள். 2021-இல் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியுடன் பால் செய்துகொண்ட நான்காண்டு ஒப்பந்தம் 12 கோடி டாலர் என்றே பேசப்பட்டது. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளின் ஊதியமும் மூன்றாம் ஆண்டில் பாதியளவும் மட்டுமே உறுதி. நான்காம் ஆண்டுக்கு அதுவும் இல்லை. கையெழுத்திட்ட அன்று அதன் மதிப்பு ஏறத்தாழ 7.5 கோடிதான். 36 வயதில், ஓராண்டின் 4.42 கோடியைக் கொடுத்து, அடுத்துக் காயமே பட்டாலும் கைவிட்டுப் போகாத 3 கோடிக்கும் மேலான கூடுதல் தொகையை அவர் வாங்கிக்கொண்டார். என் கணிப்பில் அது நல்ல வியாபாரம். பின்னர் வர்த்தகத்தில் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் முறை) அவரைப் பெற்ற கோல்டன் ஸ்டேட் அணி, நான்காம் ஆண்டு உறுதியாவதற்கு முன்பே, 2024 ஜூன் 30 அன்று விடுவித்தது; அதற்குள் ஏறத்தாழ 9 கோடி அவர் கைக்கு வந்திருந்தது.

அடுத்ததாக, அணி எந்த வழியில் பணம் தர முடியும் என்று பாருங்கள். பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இங்கேதான். பத்தாண்டு அனுபவமுள்ள வீரருக்கு ஊதிய உச்சவரம்பில் (ஓர் அணியின் மொத்த ஊதியச் செலவுக்கு லீக் வகுத்த வரம்பு) 35 விழுக்காடு வரை தரலாம் என்பது விதி. ஆயினும் உச்சவரம்பைத் தாண்டிவிட்ட அணி, தன் சொந்த வீரருக்கு மட்டுமே 'பேர்டு உரிமை'யின் பேரில் அவ்வளவு தர முடியும். வர்த்தகத்தில் மாறினால் இந்த உரிமை வீரருடனேயே போகும். விடுவிக்கப்பட்டாலோ ஃப்ரீ ஏஜென்டாக அணி மாறினாலோ அறுந்துபோகும். ஹூஸ்டனிலிருந்து ஓக்லஹோமா வழியாக ஃபீனிக்ஸுக்கு வர்த்தகத்திலேயே வந்ததால்தான் 2021-இல் பாலுக்கு அந்தத் தொகை சாத்தியமாயிற்று.

2025-இல் நிலைமை வேறு. முந்தைய பருவத்தில் சான் அன்டோனியோ அணியில் ஆட்டத்துக்குச் சராசரியாக 8.8 புள்ளிகள், 7.4 அசிஸ்டுகள் (சக வீரர் புள்ளியெடுக்க உதவும் பாஸ்கள்) எடுத்திருந்தார். 40-ஐ நெருங்கும் வயதில் இது குறைந்த ஆட்டமல்ல. ஆனால் குடும்பம் இருக்கும் லாஸ் ஏஞ்சலிஸை அவர் விரும்பினார். அங்கே கிளிப்பர்ஸ் அணியோ உச்சவரம்பைத் தாண்டியும் வெளி வீரர்களுக்குத் தரக்கூடிய தன் 1.41 கோடி 'மிட்-லெவல்' விலக்குத் தொகையை புரூக் லோபஸுக்கும் பிராட்லி பீலுக்கும் ஏற்கெனவே பங்கிட்டுவிட்டிருந்தது. எஞ்சியது மூத்த வீரருக்கான குறைந்தபட்ச ஊதியம். ஆக, அந்த 36 லட்சம் அவருடைய ஆட்டத்துக்குச் சந்தை வைத்த விலை என்பதைவிட, அந்த அணியின் பெட்டியில் மிச்சமிருந்த பணம் என்பதே சரி. அதிலும் ஏறத்தாழ 23 லட்சமே அணியின் கணக்கில் ஏறும். விலை கூடுதல் என்று மூத்தவர்களை அணிகள் ஒதுக்கிவிடக் கூடாதென்பதற்காக, ஓராண்டு ஒப்பந்தங்களில் மீதியை லீகே ஏற்கிறது.

இந்த மலிவுக்கு மறுபக்கமும் உண்டு: 3 கோடி வாங்குபவரை அணி எளிதில் அனுப்பிவிடாது. பாலை கிளிப்பர்ஸ் 2025 டிசம்பரில், பருவத்தின் நடுவிலேயே, வீட்டுக்கு அனுப்பிவிட்டது.