வேலை போன பிறகு, "கிறிஸ்துவுக்குள் உன் அடையாளம்" என்பதற்கு என்ன அர்த்தம்?

ஐடி வேலை போனதிலிருந்து "என்ன பண்றீங்க?" என்று யார் கேட்டாலும் கூசுகிறது, சபையில் கேட்டால் "கிறிஸ்துவுக்குள் உன் அடையாளத்தைத் தேடு" என்கிறார்கள், அது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே கல்யாண வீடுகளுக்குப் போகாமல் இருந்தவன் நான். அதனால் பிரசங்கம் பண்ணப்போவதில்லை.

மாற்கு முதல் அதிகாரத்தை எடுத்து, எது முதலில் நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறுகிறார். "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்" என்று வானத்திலிருந்து சத்தம் கேட்கிறது. மாற்கு எழுதியபடி, அதுவரை அவர் ஒரு பிரசங்கம்கூடச் செய்யவில்லை, ஒருவரையும் குணமாக்கவில்லை. நாசரேத்திலிருந்து வந்தவர், அவ்வளவுதான். (நம் வீடுகளில் மார்க் ஷீட் வந்த பிறகுதான் "என் பிள்ளை" என்பார்கள்!) ரோமர் 8 சொல்லும் புத்திர சுவிகாரமும், அதாவது தேவன் நம்மைப் பிள்ளையாகத் தத்தெடுப்பதும், இதுதான். தத்துப்பிள்ளை இன்டர்வியூ கொடுத்துவிட்டு வீட்டுக்குள் வருவதில்லை.

அப்புறம் பிலிப்பியர் 3. சிறையில் இருந்துகொண்டு பவுல் தன் பயோடேட்டாவை வாசிக்கிறார்: பென்யமீன் கோத்திரம், எபிரெயரில் பிறந்த எபிரெயன், பரிசேயன் (நியாயப்பிரமாணத்தைக் கறாராகக் கடைப்பிடித்த யூதப் பிரிவைச் சேர்ந்தவன்). எல்லாவற்றையும் குப்பையாக எண்ணுகிறேன் என்று முடித்துவிடுகிறார். ஆனால் அதே பவுல் கூடாரம் பண்ணும் தொழில் செய்து சாப்பிட்டவர். எருசலேமில் சாட்டையடிக்காகக் கட்டியபோது, தான் ரோமக் குடிமகன் என்று சொல்லித் தப்பியவர். தொழிலும் குடியுரிமையும் அவரிடம் இருந்தன. தன் மதிப்பை அவற்றின்மேல் ஏற்றி வைக்கவில்லை. ஆகவே நீங்கள் வேலை தேடுவதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

உள்ளதைச் சொன்னால், நம் சபைகளே இதை முழுசாக நம்பவில்லை. சாதி வித்தியாசத்தைத் திருச்சபைக்குள் விட்டொழிக்க வேண்டும் என்று கல்கத்தா பிஷப் டானியல் வில்சன் 1833-ல் கண்டிப்பாக எழுதினார். தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. இன்றைக்கும் வரன் விளம்பரங்களில் "இரட்சிக்கப்பட்ட மணமகன் தேவை" என்பதற்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் நிற்கிறது. "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்று ஞாயிறு காலை வாசித்த அதே வாய்தான், ஆராதனை முடிந்ததும் "தம்பி யாரு வீடு?" என்று துருவுகிறது. அங்கே ஒருவர் உங்களைச் சம்பளத்தை வைத்து எடைபோட்டால், அது அவருடைய எடைக்கல்; வேதத்தின் தீர்ப்பு இல்லை.

ஏசாயா 43:1-ஐக் காலையில் வாய்விட்டு வாசியுங்கள்: "உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்." ஊரையும் ஆலயத்தையும் இழந்து பாபிலோனில் கிடந்த ஜனத்துக்கு வந்த வார்த்தை அது. உடனே மனசு நிறைந்துவிடாது, எனக்கும் நிறையவில்லை. சரி, வாசித்துவிட்டு ரெஸ்யூமேயை அனுப்புங்கள். அடுத்த கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் "சும்மாதான்..." என்று இழுக்காமல், "வேலை தேடிக்கிட்டிருக்கேன், உங்க பக்கம் ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்று நேராகச் சொல்லுங்கள்.