கேஸ் கட்டு யாரோட சொத்து?

இந்த வாரம் வந்த கேள்வியில பாதிக்கு மேல வக்கீல் மேல புகார்தான். நானும் கருப்பு கோட்டு மாட்டிக்கிட்டு மதுரை ஜில்லா கோர்ட்டுல அங்கிட்டும் இங்கிட்டும் அலையிற ஆளுதான், அதனால படிக்கும்போதே கொஞ்சம் நெளிய வேண்டியதாப் போச்சு. சரி, பதில் சொல்லித்தானே ஆகணும்.

கேள்வி: வக்கீல் அண்ணே, எங்க அப்பா நெலத்துல எனக்கு பங்கு கேட்டு பாகப்பிரிவினை கேஸ் போட்டேன். வக்கீலுக்கு அப்பப்ப கொடுத்ததே நாப்பதாயிரம் இருக்கும், ஒத்த ரசீது கிடையாது. எப்ப போன் போட்டாலும் "வாய்தா தள்ளிப்போச்சும்மா, நீ வர வேணாம்"னுதான் சொல்வாரு. போன மாசம் நானே நேர்ல போயி விசாரிச்சா, எட்டு மாசத்துக்கு முன்னாடியே யாரும் ஆஜராகலைன்னு கேஸை தள்ளுபடி பண்ணிட்டாங்களாம். கட்டைக் குடுங்கன்னு கேட்டா இன்னும் பதினஞ்சாயிரம் வச்சாத்தான் தருவேங்கிறாரு. நுகர்வோர் கோர்ட்டுல போட்டா காசு திரும்பி வந்துரும்னு டீக்கடையில ஒருத்தர் சொல்றாரு. போடலாமா?
– உசிலம்பட்டி வாசகி

பதில்: தங்கச்சி, டீக்கடையில அவரு சொன்னது 2024க்கு முன்னாடின்னா ஓரளவு சரி, இப்ப அந்தக் கதவை சாத்தியாச்சு. டெல்லியில ஒருத்தர் செக் பவுன்ஸ் கேசுக்கு வக்கீல் வச்சாரு, எதிராளி இருபதாயிரத்துக்கு டிடியும் செலவுக்கு தனியா ஐயாயிரத்துக்கு செக்கும் குடுத்துட்டான், வக்கீல் அதை வாங்கி வச்சுக்கிட்டு பீஸை ரொக்கமா குடுத்தாத்தான் தருவேன்னு நின்னாருங்கிறதுதான் புகார். இம்புட்டு சின்ன தகராறு வளந்து வளந்து, வக்கீல் வேலையும் நுகர்வோர் சட்டத்துல வரும்னு 2007ல தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லி, கடைசியா சுப்ரீம் கோர்ட்டு 2024 மே 14ல வராதுன்னு முடிச்சு வச்சது. காரணம் என்னன்னா, கட்சிக்காரர் சொல்றபடிதான் வக்கீல் நடக்கணும், அவரைக் கேக்காம சமரசத்துக்குக்கூட தலையாட்ட முடியாது, அதனால இது தனிப்பட்ட சேவை ஒப்பந்தம், அந்த மாதிரி ஒப்பந்தத்தை நுகர்வோர் சட்டமே வெளிய வச்சிருக்குன்னாங்க. டாக்டர் மேல மட்டும் போடலாமா, வக்கீல் மேல போடக்கூடாதான்னு நீங்க கேப்பீங்க. டாக்டர்கள் 1995லயே உள்ள வந்துட்டாங்க, இன்னைக்கும் உள்ளதான் இருக்காங்க. தீர்ப்பு வந்தன்னைக்கு எங்க பார் அசோசியேஷன்ல எல்லாருக்கும் சந்தோசம், எனக்கும்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சா, கட்சிக்காரர் சொல்றபடி நடக்குற வக்கீல் எத்தனை பேரு, "நீ பேசாம இரு, நான் பாத்துக்கிறேன்"ங்கிற வக்கீல் எத்தனை பேருன்னு ஒரு கணக்கு ஓடத்தான் செஞ்சது.

அதை விடுங்க, உங்களுக்கு இப்ப முக்கியம் நெலம். எல்லாரும் கோவத்துல வக்கீலைப் புடிக்க ஓடுறாங்க, அதுக்குள்ள கேஸ் செத்துப்போகுது. ஆள் வரலைன்னு தள்ளுபடி ஆன கேசை மறுபடி உயிர்ப்பிக்க 30 நாள்தான் டைம், உங்களுக்கு எட்டு மாசம் ஓடிருச்சு. அதனால திரும்ப கோப்புக்கு எடுக்கச் சொல்லி ஒரு மனு, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு, ரெண்டையும் சேத்து உடனே போடணும். வக்கீல் பண்ண தப்புக்கு கட்சிக்காரரை தண்டிக்கக்கூடாதுன்னு 1981லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு, ஆனா அதை மட்டும் நம்பி போகாதீங்க, "எட்டு மாசமா நீங்க என்னம்மா செஞ்சீங்க"ன்னு ஜட்ஜ் கண்டிப்பா கேப்பாரு. அவர் வர வேணாம்னு சொன்ன வாட்ஸ்அப் மெசேஜ், கால் ஹிஸ்டரி, ஜிபே பண்ணது எல்லாம்தான் அங்க உங்களுக்கு பதில். போனை மாத்துறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிருங்க.

கட்டு விஷயம். இதுல சட்டம் தெளிவா உங்க பக்கம். பீஸ் பாக்கி இருக்குன்னு கட்டைப் புடிச்சு வைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது, அடகுக் கடையில நகையை வச்ச மாதிரி இல்ல இது. 2000ல சுப்ரீம் கோர்ட்டு முன்னாடி இதே பிரச்சனை வந்துச்சு, ஒரு பேங்குக்கு வக்கீலா இருந்தவர் பில்லை செட்டில் பண்ணாத்தான் பைல் தருவேன்னு பைலை எல்லாம் வச்சுக்கிட்டாரு, அது தொழில்முறை ஒழுங்கீனம்னு தீர்ப்பு. பாக்கி உண்மையிலயே இருந்தா அவரு தனியா கேஸ் போட்டு வாங்கிக்கிறட்டும். அதனால நேர்ல போயி சத்தம் போடாம, கட்டையும் அதுல இருக்குற ஒரிஜினல் பத்திரத்தையும் இத்தனை நாளுக்குள்ள திருப்பிக் குடுங்கன்னு எழுதி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி, அனுப்புன ரசீதையும் அவருக்குப் போய்ச் சேந்ததுக்கான அத்தாட்சியையும் பத்திரமா வைங்க. அவரு தர்ற வரைக்கும் காத்துக்கிட்டும் இருக்காதீங்க, கோர்ட்டுல இருக்குற பேப்பருக்கு நீங்களே நகல் மனு போடலாம், பத்திரத்துக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல சான்றிட்ட நகல் கிடைக்கும். புது வக்கீல் வக்காலத்து போடுறதுக்கு பழையவர் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து போட மாட்டேன்னா, கோர்ட்டுலயே அனுமதி கேட்டு மாத்திக்கிறலாம்.

புது வக்கீலுக்கு காசு எங்க போறதுன்னு கேப்பீங்க. பெண்களுக்கு வருமானக் கணக்கே பாக்காம இலவசமா வக்கீல் வச்சுத் தரணும்னு 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்துல இருக்கு. மதுரை ஜில்லா கோர்ட்டுல இருக்குற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல ஒரு மனு எழுதிக் குடுங்க, இல்லாட்டி 15100க்கு போன் போடுங்க. ஓசி வக்கீல்னா ஒழுங்கா நடத்த மாட்டாங்கன்னு ஒரு பேச்சு ஊருக்குள்ள இருக்கு, ஆனா நாப்பதாயிரம் வாங்கினவர் எப்படி நடத்துனாருன்னு உங்களுக்கே தெரியும்.

இதெல்லாம் போட்டப்புறம் பார் கவுன்சில், அதாவது வக்கீல்களைப் பதிவு பண்ணி, தப்பு பண்ணா விசாரிக்கிற அமைப்பு. தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் சென்னை ஹைகோர்ட்டு வளாகத்துல இருக்கு. வக்கீலோட பேரு, என்ரோல்மென்ட் நம்பர் (வக்காலத்துல இருக்கும்), நடந்தது தேதிவாரியா, ஆதாரத்தோட நகல், இதோட புகார் குடுக்கலாம். "இவன் திருடன், பிராடு"ன்னு பக்கம் பக்கமா எழுதாதீங்க, தேதிதான் பேசும். முகாந்திரம் இருந்தா மூணு வக்கீல் இருக்குற ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு போகும், ஒரு வருசத்துக்குள்ள அவங்க முடிக்கலைன்னா இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிரும். கண்டிப்பு, கொஞ்ச காலம் தொழில் பண்ண தடை, பேரையே நீக்குறது, இதுதான் தண்டனை. தீர்ப்பு சரியில்லைன்னா 60 நாளுக்குள்ள டெல்லியில இருக்குற இந்திய பார் கவுன்சில்ல அப்பீல், அதுக்கு மேல சுப்ரீம் கோர்ட்டு. வக்கீலை வக்கீலே விசாரிச்சா நியாயம் கிடைக்குமான்னு கேட்டா, சில நேரம் கிடைக்குது, ரொம்ப லேட்டா கிடைக்குது.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கிருங்க, பார் கவுன்சில் உங்க நாப்பதாயிரத்தை வாங்கித் தர்ற எடம் இல்ல. காசும் நஷ்டஈடும் வேணும்னா சிவில் கோர்ட்டுதான், அலட்சியமா நடந்த வக்கீல் மேல நஷ்டஈட்டுக்கு வழக்கு போடலாம்னு 1926லயே சட்டம் இருக்கு, 2024 தீர்ப்பு அந்த வழியை அடைக்கலை. அப்புறம் புகாரைக் காட்டி மிரட்டி காசு வாங்கிட்டு வாபஸ் வாங்கிறலாம்னு யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க. சமரசம் ஆயிட்டோம்னு நீங்களே எழுதிக் குடுத்தாலும் அதுக்காக மட்டும் விசாரணையை விடக்கூடாதுங்கிறது விதி.

கேள்வி: சார், வாய்க்கா தகராறுல எனக்கு எதிரா தீர்ப்பாயிருச்சு. என் வக்கீலும் எதிராளி வக்கீலும் கோர்ட்டு கேன்டீன்ல ஒண்ணா டீ குடிச்சதை நான் ரெண்டு வாட்டி கண்ணால பாத்தேன். வெலை போயிட்டாருன்னு புகார் குடுக்கலாமா?
– வாடிப்பட்டி வாசகர்

பதில்: அண்ணே, நான் காலையில எதிர்த்து கத்துற ஆளுகூடத்தான் பதினோரு மணிக்கு வடை திங்கிறேன், இருக்குறது ஒரு கேன்டீன். டீ குடிச்சது ஆதாரம் ஆகாது, கேஸ் தோத்ததும் ஒழுங்கீனம் ஆகாது. உங்களைக் கேக்காம எதையாவது ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தாரா, முக்கியமான சாட்சியை விசாரிக்காம விட்டாரா, அதை தீர்ப்பு நகலை வாங்கி வேற வக்கீல்கிட்ட காட்டி படிக்கச் சொல்லுங்க. அப்பீலுக்கு நாள் ஓடிக்கிட்டிருக்கு, டீயை மறந்துட்டு அதைப் பாருங்க.

கேள்வி: என் மகன் கப்பலூர் பக்கம் லாரி மோதி கால் போச்சு. ஆஸ்பத்திரி வாசல்லயே வந்து பாத்த வக்கீல், முன்பணம் எதுவும் வேணாம், வர்ற நஷ்டஈட்டுல நூத்துக்கு இருபத்தஞ்சு குடுங்கன்னாரு. இப்ப ரெண்டு வெத்து செக்குல கையெழுத்து கேக்குறாரு. போடலாமா ஐயா?
– திருமங்கலம் வாசகர்

பதில்: போடாதீங்க. வர்ற பணத்துல பங்குன்னு பீஸ் பேசவே கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு, ஆஸ்பத்திரி வாசல்ல வந்து கேஸ் புடிக்கிறதும் தப்புதான். இதே மாதிரி தெலங்கானாவுல விபத்து நஷ்டஈட்டுல சதவீதம் கேட்டு ஒரு அம்மாகிட்ட செக் வாங்கி, அது பவுன்ஸ் ஆச்சுன்னு அவங்க மேலயே கேஸ் போட்டாரு வக்கீல், அந்தக் கேசை 2017ல சுப்ரீம் கோர்ட்டு ரத்து பண்ணிருச்சு, சதவீத பீஸ் சட்டத்துக்கும் பொதுக் கொள்கைக்கும் விரோதம்னு சொல்லி. ஆனா அந்த அம்மா அதுக்காக சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போக வேண்டியிருந்துச்சே.

கையில காசில்லாத குடும்பத்துக்கு முன்பணம் கேக்காத வக்கீல் தெய்வமாத்தான் தெரிவாரு, அதை நான் குறை சொல்லலை. அதனால சண்டை போடாம, "சார், மொத்தம் இவ்வளவுன்னு ஒரு தொகையை எழுதிக் குடுங்க, பணம் வந்ததும் தர்றோம்"னு கேட்டுப் பாருங்க, ஒத்துக்கிறவங்களும் இருக்காங்க. நஷ்டஈடு உங்க மகன் பேருல இருக்குற பேங்க் கணக்குக்கே வரணும்னு மனுவுலயே கேளுங்க, அந்த பாஸ்புக், ஏடிஎம் கார்டு, செக்புக் மூணும் உங்க வீட்டு பீரோவுலதான் இருக்கணும். கேஸ் நம்பர் வந்ததும், ஒவ்வொரு கேசுக்கும் தனியா இருக்குற, எழுத்தும் எண்ணுமா 16 இலக்க சிஎன்ஆர் நம்பரையும் கேட்டு வாங்கி ஈ-கோர்ட்ஸ் ஆப்புல போட்டு வைங்க, அடுத்த வாய்தா என்னைக்குன்னு உங்க போன்லயே தெரிஞ்சுரும். உசிலம்பட்டி தங்கச்சிக்கும் இதை அன்னைக்கே யாராவது சொல்லியிருக்கலாம்.