பழைய டிஎஸ்எல்ஆரா, புது சூப்பர்ஜூமா? கேமரா கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஆசையாக வாங்கிய டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாற்றும், உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) அலமாரியில் தூங்குகிறது. கடைக் கண்ணாடிக்குள் நீண்ட மூக்கோடு ஒரு பிரிட்ஜ் கேமரா கண் சிமிட்டுகிறது. சூப்பர்ஜூம் என்பதும் இதைத்தான், லென்ஸைக் கழற்ற முடியாது. பழசைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கலாமா? எல்லோருக்கும் நான் திருப்பிக் கேட்பது இரண்டுதான்: நீங்கள் எடுக்கும் விஷயம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அதன் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது? கேமராவுக்கு என்ன வயது என்பது அதற்கு அப்புறம்தான்.

என்னிடம் நிக்கான் டி3200, கூடவே 18-55, 55-200 லென்ஸ்கள் இருக்கின்றன. பறவைப் படம்தான் ஆசை. ஏரியில் மீன்கொத்தியை எடுத்தால் புள்ளியாக விழுகிறது. நிக்கான் பி950 பிரிட்ஜ் கேமராவில் 83 மடங்கு ஜூமாம். மாற்றிவிடலாமா சார்?
– ராணிப்பேட்டை வாசகர்

முதலில் அந்த 83-ஐ மறந்துவிடுங்கள். பழைய ஃபிலிம் கேமரா அளவில் சொன்னால் 24 மி.மீ. பார்வையிலிருந்து 2000 மி.மீ. பார்வை வரை போகிறது, 2000-ஐ 24-ஆல் வகுத்தால் 83. அவ்வளவுதான் கணக்கு. அதே அளவில் உங்கள் 200 மி.மீ. லென்ஸ் டி3200-இல் 300 மி.மீ. பார்வையைத் தருகிறது. ஆக, எட்டிப் பிடிப்பதில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏழு மடங்குக்குச் சற்றுக் குறைவு.

உங்கள் மீன்கொத்தியையே எடுத்துக்கொள்வோம். வெண்மார்பு மீன்கொத்தி சுமார் 28 செ.மீ. நீளம். 30 மீட்டர் தள்ளி ஒரு குச்சியில் உட்கார்ந்திருக்கிறது. டி3200-இல் 200 மி.மீ. வைத்து எடுத்தால் 6016 பிக்சல் அகலமுள்ள படத்தில் பறவைக்குக் கிடைப்பது 480 பிக்சல் சொச்சம். பி950-ஐ முழுக்க நீட்டினால் 4608 பிக்சல் அகலத்தில் சுமார் 2500 பிக்சல், அதாவது சட்டத்தில் பாதிக்கு மேல் பறவைதான்.

ஆனால் அந்த 2500-உம் அசல் விவரம் இல்லை. முழு ஜூமில் அந்த லென்ஸின் திறப்பு எஃப் 6.5 (இந்த எண் கூடக் கூடத் திறப்பு சிறிது). பிக்சல்களோ மிகப் பொடி. பள்ளியில் படித்த விளிம்பு விளைவு இங்கே வேலையைக் காட்டும்: ஒரு புள்ளி ஒளி பக்கத்துப் பிக்சல்களிலும் பரவிவிடும். அதனால் இறகைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஈரத்தாளில் வரைந்த மாதிரி ஒரு மழுமழுப்பு தெரியும். ஏழு மடங்கு நெருக்கம் கிடைக்கும், ஏழு மடங்கு தெளிவு கிடைக்காது. இருந்தாலும் உங்களிடம் இப்போது இருப்பதைவிட எவ்வளவோ மேல். அலகின் சிவப்பும் கண்ணின் பளபளப்பும் தெரியும்.

இதெல்லாம் காலை வெயிலில். பொழுது சாய்ந்ததும் கதை மாறும். டி3200-இன் சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) பரப்பு பி950-இன் சென்சாரைப்போல் சுமார் 13 மடங்கு. நடுவில் எத்தனை வருடம் போயிருந்தாலும், சென்சார் எவ்வளவு முன்னேறியிருந்தாலும், 13 மடங்குப் பரப்பைப் புதுமை ஈடுகட்டாது. ஒளியுணர்வு எண்ணான ஐஎஸ்ஓ 800-ஐத் தாண்டினால் பிரிட்ஜ் கேமரா இறகுகளை எல்லாம் தடவி ஒரே பூச்சாக்கிவிடும். பறக்கும் பறவைக்கும் அது சரிப்படாது. ஃபோகஸ் தேடித் தேடிப் பிடிப்பதற்குள் கொக்கு அடுத்த ஊருக்குப் போயிருக்கும். டி3200-இல் ஃபோகஸ் வேகமாகப் பிடிக்கும், கண்ணாடி வழியே நேராகப் பார்ப்பதால் காட்சியிலும் தாமதம் கிடையாது.

நடுவழி ஒன்று உண்டு. பழைய ஏஎஃப்-எஸ் 70-300 விஆர் லென்ஸ் கைமாறிய விலையில் கிடைத்தால் 450 மி.மீ. பார்வை வரும். விலை மலிவு என்று ஏஎஃப்-பி 70-300-ஐ வாங்கிவிடாதீர்கள். டி3200-இல் அது ஃபோகஸே ஆகாது. பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம், இதில் ஏமாந்தவர்கள் நிறைய.

என் தீர்ப்பு: உட்கார்ந்திருக்கும் பறவை, பகல் வெளிச்சம் என்றால் பி950 வாங்குங்கள். டி3200-ஐ விற்காதீர்கள். விற்றாலும் பெரிதாக ஒன்றும் வரப்போவதில்லை. இன்னொன்று, எதை வாங்கினாலும் காலை எட்டு மணிக்குள் ஏரிக்கரையில் இருங்கள். வெயில் ஏறிவிட்டால் தண்ணீர் மேல் கானல் ஆடும். 2000 மி.மீ.யில் அந்த ஆட்டமும் பெரிதாகத்தான் தெரியும். அதற்கு எந்த லென்ஸிலும் மருந்து இல்லை.

என் நிக்கான் டி90 டிஎஸ்எல்ஆர் வெறும் 12 மெகாபிக்சல். கேனன் எஸ்எக்ஸ்70 சூப்பர்ஜூமில் 20 மெகாபிக்சல். புதுசு நிச்சயம் தெளிவாகத்தானே இருக்கும்?
– கோயம்புத்தூர் வாசகி

இருக்காது. ஒரே மழையில் மொட்டைமாடியில் அண்டாவையும் டம்ளரையும் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேரும்? டம்ளருக்குள் எத்தனை தடுப்பு வைத்தாலும் சேர்வது டம்ளர் தண்ணீர்தான். டி90-இன் சென்சார் அண்டா, எஸ்எக்ஸ்70-இன் சென்சார் டம்ளர், மெகாபிக்சல் வெறும் தடுப்பு. டி90-இன் 12 மெகாபிக்சலை ஏ4 தாளில் தாராளமாக அச்சடிக்கலாம், இடம் மிஞ்சும்.

டி90 தோற்கும் இடம் வேறு. வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர் என்ற பெருமை அதற்கு உண்டு, 2008-இல் வந்தது. ஆனால் 720பி மட்டும்தான், எடுக்கும்போது ஃபோகஸ் தானாக ஓடாது, ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம்தான். பேரன் ஓடுவதை வீடியோ எடுக்க வேண்டுமென்றால் யோசிக்காமல் எஸ்எக்ஸ்70 பக்கம் போகலாம். பாட்டரியில் மறுபடி டி90-தான். ஒரு சார்ஜுக்கு 850 படம் என்பது அதன் கணக்கு, எஸ்எக்ஸ்70-க்கு 325.

அடுத்த மாதம் மகளுக்கு அரங்கேற்றம். என்னிடம் கேனன் 1200டி டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த கிட் லென்ஸ் மட்டும். பத்தாவது வரிசையிலிருந்து எடுக்க ஒரு சூப்பர்ஜூம் வாங்கலாம் என்று நினைக்கிறேன்.
– மதுரை வாசகர்

வேண்டாம். இந்த முறை வந்த கேள்விகளில் இதற்குத்தான் யோசிக்காமல் பதில் சொல்ல முடிந்தது.

சபா மேடை கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், கேமராவுக்கு அது இருட்டு. அடவு போடும் கையும் காலும் உறைந்து நிற்க 1/250 விநாடியாவது வேண்டும். 1200டி-யில் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் போட்டு ஐஎஸ்ஓ 1600-இல் அந்த வேகம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நெருக்கத்துக்கு ஜூம் செய்த பிரிட்ஜ் கேமராவின் திறப்பு எஃப் 5 என்றால், உள்ளே வரும் ஒளி எட்டில் ஒரு பங்கு. ஈடுகட்ட ஐஎஸ்ஓ 12800 வேண்டும். எஸ்எக்ஸ்70-இல் ஐஎஸ்ஓ 3200-உடன் முடிந்துவிடுகிறது. மிச்சத்தை ஷட்டர் வேகத்தில் இறக்க வேண்டும், 1/60. தில்லானா வரும்போது உங்கள் மகளின் கைகள் புகையாகத்தான் பதியும்.

அந்த 85 மி.மீ. எஃப் 1.8 பல வருடமாகச் சந்தையில் இருக்கும் லென்ஸ், கைமாறியது எளிதாகக் கிடைக்கும். வாடகைக்கும் தருகிறார்கள். கையைக் கடித்தால் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் வாங்கிக்கொண்டு நான்காவது வரிசைக்கு வந்துவிடுங்கள். பெண்ணைப் பெற்றவருக்கு முன்வரிசை தரமாட்டார்களா என்ன! நாளைக்கே கேனனின் கண்ணாடியில்லா ஆர் வரிசைக்கு மாறினாலும் அடாப்டர் போட்டு இதே லென்ஸை ஃபோகஸோடு பயன்படுத்தலாம். காசு வீணாகாது.

முகத்தில் விழும் விளக்கு கேமராவை ஏமாற்றும். கறுப்புத் திரையைப் பார்த்து அது படத்தை வெளுக்க வைக்கும், நெற்றிச்சுட்டியும் மூக்குத்தியும் வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து வையுங்கள். ரா ஃபைலாக (கேமரா திருத்தாத மூலப் பதிவாக) எடுத்தால் பின்னால் சரிசெய்ய இடம் இருக்கும். அப்புறம், டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி எழுந்து விழும் ‘டக் டக்’ அமைதியான பதத்தின்போது மூன்று வரிசைக்குக் கேட்கும். சைலண்ட் மோடு உள்ள கேமராக்களில்கூட அது முழு மருந்து இல்லை, சத்தத்தைக் கொஞ்சம் அடக்கும். மிருதங்கம் ஓங்கும் இடத்தில் அழுத்துங்கள்.

நிலாவை எடுக்க எது?
– காரைக்குடி மாணவர்

இதில் போட்டியே இல்லை, சூப்பர்ஜூம். லென்ஸின் அசல் குவியத்தூரத்தை (மேலே சொன்ன 2000 பார்வைக் கணக்கு, அது வேறு) 110-ஆல் வகுத்தால் சென்சாரில் நிலா விழும் அளவு வரும். 200 மி.மீ. லென்ஸில் 1.8 மி.மீ., 15 மி.மீ. உயர டிஎஸ்எல்ஆர் சென்சாரில் ஒரு மிளகு. பி950-இன் அசல் குவியத்தூரம் 357 மி.மீ., நிலா 3.2 மி.மீ. விழும், அதன் சென்சார் உயரமே 4.5 மி.மீ.தான். அதன் அண்ணன் நிக்கான் பி1000-இல் 539 மி.மீ., முழுக்க நீட்டினால் நிலா சட்டத்துக்குள் அடங்காது.

பௌர்ணமியை விட்டுவிட்டு அஷ்டமி வாக்கில் எடுங்கள். அப்போதுதான் வெளிச்சமும் இருட்டும் சேரும் ஓரத்தில் பள்ளங்களின் நிழல் விழும். முழுநிலா தோசைக்கல் மாதிரி தட்டையாக இருக்கும்.

செகண்ட்ஹேண்டில் டிஎஸ்எல்ஆர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– நாகப்பட்டினம் வாசகர்

கடலோர ஊர்க்காரர் கேட்கிறீர்கள், அதனால் முதலில் பூஞ்சை. என் கதையைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் 18-105 லென்ஸ் வாங்கினேன். டியூப்லைட் வெளிச்சத்தில் அப்பழுக்கில்லாமல் இருந்தது. மறுநாள் காலை ஜன்னலோரம் வைத்த காபி டபராவை எதிர்வெயிலில் எடுத்தேன், படம் முழுக்கப் பால் கலந்த மாதிரி ஒரு மூட்டம். செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கம் சாய்த்துப் பார்த்தால், உள் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலை போல ஒரு படர்வு. திரும்பப் போனால், “பார்த்துத்தானே வாங்கினீங்க?” என்றார் கடைக்காரர். நியாயம்தான், நான்தான் சரியாகப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து டார்ச் இல்லாமல் லென்ஸ் கடைக்குள் நுழைவதில்லை.

அடுத்தது ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்பது. நிக்கானில் எடுத்த ஜேபெக் படத்துக்குள்ளேயே அந்த எண் இருக்கும், பார்க்க இலவச மென்பொருள்கள் உண்டு. கேனனில் பெரும்பாலும் படத்துக்குள் இருக்காது. டி90-க்கு ஒரு லட்சம், டி7000-க்கு ஒன்றரை லட்சம் என்று சோதித்துச் சொன்னார்கள். அதைத் தாண்டினால் உடனே செத்துவிடும் என்றில்லை, விலை பேச ஒரு பிடி.

வெள்ளைச் சுவரை எஃப் 16-இல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சென்சாரில் தூசி இருந்தால் சாம்பல் புள்ளிகளாகத் தெரியும். துடைத்தால் போய்விடும், பயப்பட வேண்டாம். பிடியில் இருக்கும் ரப்பர் பிசுபிசுத்துக் கழன்று வருகிறதா பாருங்கள். டி90-க்கு 64 ஜிபி கார்டு வாங்கி வைக்காதீர்கள், அது எஸ்டிஎக்ஸ்சி (32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டு வகை) வருவதற்கு முந்தைய கேமரா, 32 ஜிபி போதும்.

சூப்பர்ஜூமை மட்டும் செகண்ட்ஹேண்டில் வாங்க நான் யாருக்கும் சொல்வதில்லை. லென்ஸ் மோட்டார் போனால் கேமராவே போனது மாதிரி. டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் கெட்டால் லென்ஸை மாற்றுவீர்கள், இதில் எதை மாற்றுவது? அப்படியும் வாங்கியே ஆகவேண்டுமென்றால், பத்துத் தடவை முழுக்க நீட்டி மடக்கிக் காதில் வைத்துக் கேளுங்கள். மணல் அரைபடும் சத்தம் வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

‘1 அங்குல சென்சார்’ பிரிட்ஜ் என்கிறார்களே, அது டிஎஸ்எல்ஆர், சூப்பர்ஜூம் இரண்டுக்கும் நடுவில் வருமா?
– சேலம் வாசகர்

வரும். பெயர்தான் பொய். அதில் எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் இல்லை, 13.2-க்கு 8.8 மி.மீ.தான். பழைய டிவி கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்துச் சொன்ன அளவு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாதாரண சூப்பர்ஜூம் சென்சாரைப்போல் நான்கு மடங்கு பரப்பு, டிஎஸ்எல்ஆரில் மூன்றில் ஒன்று. சோனி ஆர்எக்ஸ்10-இன் நான்காம் பதிப்பு 600 மி.மீ. வரை போகிறது, அங்கேயும் எஃப் 4. பறக்கும் பறவையைக்கூடப் பிடிக்கும். விலை கேட்டால் உட்கார்ந்துவிடுவீர்கள். பழைய பானசோனிக் எஃப்இசட்1000 அவ்வளவு மிரட்டாது, ஆனால் 400 மி.மீ.யோடு நின்றுவிடும். பறவைக்குப் போதாது, பயணத்துக்கு அருமை.

அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், 67 வயது. பறவை பார்க்கத் தொடங்கியிருக்கிறார். என் பழைய டிஎஸ்எல்ஆர் கனமாக இருக்கிறது என்கிறார்.
– திருச்சி வாசகி

பிரிட்ஜ் என்றாலே லேசு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். பி950 ஒரு கிலோ, பி1000 கிட்டத்தட்ட 1.4 கிலோ. டி3200 போன்ற டிஎஸ்எல்ஆரும் 55-200 லென்ஸும் சேர்ந்தே ஒரு கிலோவுக்குள்தான் இருக்கும். அப்பாவுக்கு எஸ்எக்ஸ்70 பாருங்கள், 610 கிராம், 1365 மி.மீ. வரை எட்டும்.

கனத்தைவிட அவரைச் சோதிக்கப்போவது, நீட்டிய பிறகு பறவை எங்கே போனது என்று தேடுவதுதான். இலையாகத் தெரியும், கிளையாகத் தெரியும், பறவை மட்டும் இருக்காது. அதற்கென்றே லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் காட்சி சட்டென விரியும், விட்டால் பழைய நெருக்கத்துக்குத் திரும்பும். முதல் ஒரு வாரம் ஏரிக்கே போக வேண்டாம். மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வந்து உட்காரும் காக்காயை அந்தப் பொத்தானை வைத்துத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள்.